ஐஸ் ஹவுஸில் ஒரு சகோதரி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் சார்பில்)

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் செல்வோர் எவரும் திருவல்லிக்கேணிப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த வட்ட முகப்பு மாளிகையைக் காணாமல் செல்ல முடியாது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆயினும் சுற்றுப்புறத்தார் நாவில் இன்றளவும் நிற்பது ஐஸ் ஹவுஸ் என்ற பழைய பெயரே. அப்பகுதியின் காவல் நிலையத்திற்கும் அதே பெயர்தான். எங்களில் பலர் சிறுவயது முதல் அவ்வழியே பேருந்தில் சென்றவர்கள். அங்கே ஐஸ்கிரீம் விற்பார்கள் போலும் என்று ஐந்தாம் வகுப்பு வரை நம்பிக் கொண்டிருந்தவர்களும் எங்கள் வகுப்பில் உண்டு!

இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை எங்களை அவ்வில்லத்திற்கு அழைத்துச் சென்றார். கண்காட்சிக் கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து படிகளில் அமர்ந்து, கொண்டு சென்ற எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்போது ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயதும், எங்களினும் சிறிய வயதும் உடைய பெண்கள் பலர் இந்த வீட்டில் தங்கிப் படித்தனர் என்றும், அவர்கள் அனைவரும் கணவனை இழந்த கைம்பெண்கள் என்றும் கூறினார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஒருத்தி எவ்வாறு கைம்பெண் ஆக முடியும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

பள்ளிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடினோம், பெரியோர்களைக் கேட்டோம். அப்பெண்களுக்குத் தாயாகவும் தமக்கையாகவும் ஆசிரியையாகவும் விளங்கிய சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வரலாற்றையும், அவரை நமக்கு அறிமுகம் செய்த அந்த வீட்டின் வரலாற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

பனிக்கட்டிக்கு ஒரு மாளிகை

குளிர்பதனப் பெட்டி என்ற ஒன்றை உலகம் அறியாத காலம் அது. சென்னையின் சித்திரை வெயிலில் வாடிய ஆங்கிலேயர்கள் குளிர்ந்த நீருக்கு ஏங்கினர். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் பிரடெரிக் டூடர் என்ற வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகள் கல்லாய் உறைந்துவிடும். அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று அவர் எண்ணினார். முதலில் ஊரார் நகைத்தனர். பிற்காலத்தில் அவரையே பனிக்கட்டி மன்னர் என்று அழைத்தனர்.

1833-ஆம் ஆண்டு அவருடைய பனிக்கட்டி முதன்முதலாகக் கல்கத்தா வந்து சேர்ந்தது. சூயஸ் கால்வாய் வெட்டப்பட்டது 1869-இல் தான். ஆகவே கப்பல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு ஏறத்தாழ நான்கு மாதம் பயணம் செய்தது. ஏற்றியது 180 டன்; கரை சேர்ந்தது 100 டன் அளவு. பாதி வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் அவ்வளவு மிஞ்சியது பெரும் வியப்பே. வாணிகம் வளர்ந்தது. வந்திறங்கும் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் கிடங்குகள் எழுந்தன. சென்னையில் கடற்கரையை ஒட்டி 1842-ஆம் ஆண்டில் எழுந்த கிடங்கே நமது ஐஸ் ஹவுஸ். மற்ற இரு நகரங்களின் கிடங்குகளும் மறைந்துபோக, இன்று நிலைத்திருப்பது இது ஒன்றே.

அதே 1842-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் வேறு சிலரும் வந்திறங்கினர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த பிரசன்டேஷன் சபை அருட்சகோதரியர் அவர்கள். பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே கடல் கடந்து வந்தவர்கள். அவர்களது பள்ளிக்கும் இந்த வீட்டிற்கும் பின்னாளில் ஓர் அம்மையார் வழியாகத் தொடர்பு ஏற்படும் என்று அன்று யார் அறிந்திருப்பர்?

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பனிக்கட்டி வாணிகம் நன்கு நடந்தது. பின்னர் நீராவி எந்திரங்களின் உதவியால் இங்கேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. பாஸ்டன் பனிக்கட்டியை வாங்குவார் இல்லை. கிடங்கு காலியாயிற்று.

கிடங்கு வீடாகியது

சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞரான பிலிகிரி ஐயங்கார் என்பவர் அக்கட்டடத்தை விலைக்கு வாங்கினார். பனிக்கட்டி உருகாதிருக்கக் கட்டிய இடத்தில் மனிதர் வாழ்வது எளிதன்று. ஆகவே அவர் பல சன்னல்களைத் திறந்து, சுற்றுத் தாழ்வாரங்களைக் கட்டி, காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார். நீதிபதி கெர்னான் என்பவர்மீது கொண்ட மதிப்பால் அதற்குக் கெர்னான் கோட்டை என்று பெயரிட்டார்.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மேல்நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் சென்னை வந்தார். எழும்பூர் நிலையத்திலிருந்து மக்கள் வெள்ளம் அவரை ஊர்வலமாக இவ்வீட்டிற்கு அழைத்து வந்தது. பிப்ரவரி 6 முதல் 15 வரை அவர் இங்கே தங்கினார். அடுத்த மாதமே அவருடைய உடன் துறவியான சுவாமி இராமகிருஷ்ணானந்தர் வந்து சேர, தென்னாட்டு இராமகிருஷ்ண மடத்தின் பணி இவ்வீட்டில் தொடங்கியது. பிலிகிரி ஐயங்கார் 1902-இல் மறைந்தார். 1906-இல் வீடு ஏலத்திற்கு வந்தது. 1907-இல் மடம் மயிலாப்பூரில் தனக்கென அமைந்த இடத்திற்குச் சென்றது. 1917-ஆம் ஆண்டில் அரசாங்கம் இவ்வீட்டை வாங்கியது.

அரசாங்கம் இதை யாருக்காக வாங்கியது என்பதை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் சென்று ஒரு சிறுமியைக் காண வேண்டும்.

பிறப்பும் இளமையும்

சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி அம்மாள். தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்த குடும்பம் அது. பெற்றோருக்கு இவரே மூத்த மகள். ஒன்பதாவது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கற்பட்டுப் பிரிவில் முதலாவதாகத் தேறினார். அக்காலத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டிப் பெண்கள் படிப்பது அரிது. படித்தது போதும், இனிக் கல்யாணம் என்பதே வழக்கம்.

அவ்வழக்கப்படியே பதினொரு வயதளவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமான சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். விளையாட்டுப் பிள்ளையாய் இருந்தவள் ஒரே நாளில் கைம்பெண் எனப்பட்டாள். கடற்கரைச் சாலையில் சுவாமி விவேகானந்தரை மாலையிட்டு வரவேற்ற காலமும், இச்சிறுமியின் தலையில் இடி விழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

கைம்மை என்றால் அக்காலத்தில் என்ன என்பதை நம் வயதுடையோர் அறிய மாட்டோம். தலையை மழித்து விடுவார்கள். நகைகளும் வண்ணச் சேலையும் போய்விடும். ஒருவேளை உணவே உண்ண வேண்டும். திருமண வீட்டிலும் சீமந்த வீட்டிலும் அவள் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்பர். கணவனை விழுங்கியவள் என்ற பழிச்சொல்லைச் சுமந்து, அடுக்களையின் இருண்ட மூலையில் வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டும். இத்தனையும் யாருக்கு? தான் செய்த பிழை இன்னதென்றே அறியாத, பாவாடை கட்டிய ஒரு குழந்தைக்கு!

ஆனால் சுப்பலட்சுமியின் பெற்றோர் வேறு முடிவு செய்தனர். மகளின் தலையை மழிக்க அவர்கள் இசையவில்லை. சடங்கைவிட மகளே பெரிது என்று கொண்டனர். தந்தையார் தாமே மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அமர்ந்தார். உற்றாரும் அண்டை அயலாரும் பழித்தனர். குடும்பத்தோடு பழகுவதையும் சிலர் நிறுத்திக் கொண்டனர். வீட்டில் ஏற்கெனவே கைம்பெண்ணான சித்தி ஒருவர் இருந்தார். தமக்கு வாய்க்காதது இந்தக் குழந்தைக்காவது வாய்க்கட்டும் என்று அவர் துணை நின்றார். இந்தச் சித்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவார்.

ஒரு பெண் முன்னேற வேண்டுமாயின் ஊரெல்லாம் ஆதரிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒருவர் இருவர் உறுதியாக நின்றாலே போதும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

கன்னியர் பள்ளியில்

தந்தையிடம் வீட்டிலே பயின்ற சுப்பலட்சுமி பின்னர் பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் சேர்ந்தார். 1842-இல் கப்பலேறி வந்தார்களே, அந்த அருட்சகோதரியர் சபையின் பள்ளி அது.

அங்கே அவர் பாடம் மட்டும் கற்கவில்லை. தமக்கெனக் கணவரோ பிள்ளைகளோ இல்லாத பெண்கள் எவ்வாறு ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணி உழைக்கின்றனர் என்பதைக் கண்ணாரக் கண்டார். அதுவரை தனித்து வாழும் பெண் என்றால் வீட்டுக்குப் பாரம் என்றே அவர் கேட்டிருந்தார். இங்கோ அத்தகைய பெண்கள் தலை நிமிர்ந்து நடந்தனர், பள்ளியை ஆண்டனர், மதிப்போடு அழைக்கப்பட்டனர். தாமும் அவ்வாறே வாழ்வது, தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களின் கல்விக்கே தம் வாழ்நாளைக் கொடுப்பது என்று உள்ளத்தில் உறுதி கொண்டார். தம் சமயத்தை அவர் மாற்றிக் கொள்ளவில்லை; தம் குல ஆசாரத்தையும் விடவில்லை. தொண்டு நெறியை மட்டும் எடுத்துக் கொண்டார். பின்னாளில் யாவரும் அவரைச் சகோதரி என்றே அழைத்ததற்கு வேர் இங்கே இருக்கின்றது.

மேற்படிப்புக்காக அவர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸுக்குச் சற்று வடக்கே உள்ள அதே கல்லூரிதான். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 24.

சிறிய தொடக்கம்

பட்டம் பெற்றவர் தம் புகழோடு நின்றுவிடவில்லை. 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தாம் குடியிருந்த வீட்டிலேயே கைம்பெண் சிறுமியர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு விடுதி ஒன்றை ஆரம்பித்தார். முன்பு சொன்னோமே, அந்தச் சித்தியே அக்குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்டுத் தாயாகக் காத்தார். ஒருவர் கல்வி கொடுத்தார், ஒருவர் சோறு கொடுத்தார். இரண்டும் கல்வித் தொண்டே அல்லவா?

அந்நாளில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஆங்கில அரசின் அதிகாரி இம்முயற்சிக்கு உற்ற துணையானார். அவர்கள் இருவரும் கண்ட வழி மிக எளியது. பெண் குழந்தைகளுக்கு அரசு பள்ளி திறந்தாலும் பெற்றோர் அனுப்பவில்லை. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றனர். பெண் ஆசிரியைகளோ கிடைக்கவில்லை. மணமான பெண்களை வீட்டார் வேலைக்கு விட மாட்டார்கள். மறுபுறம் ஆயிரக்கணக்கான இளங்கைம்பெண்கள் வேலையின்றி, மதிப்பின்றி வீடுகளில் அடைந்து கிடந்தனர். இவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பர். இவர்களுக்கோ வாழ்வு கிடைக்கும். ஒரே விளக்கால் இரண்டு அறைகளுக்கு வெளிச்சம் தரும் திட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு அரிதாயிருந்தது. ஒவ்வொரு சிறுமிக்காகவும் ஒரு குடும்பத்தோடு மன்றாட வேண்டியிருந்தது. படித்தால் பெண் கெட்டுப் போவாள் என்றும், ஆசாரம் போய்விடும் என்றும் அஞ்சினர். சுப்பலட்சுமி அம்மையாரே ஒரு கைம்பெண்ணாக இருந்ததாலும், பழைய ஆசாரங்களைக் கடைப்பிடித்து வாழ்ந்ததாலும் சில பெற்றோர் நம்பி அனுப்பினர். சிறுமியரின் எண்ணிக்கை பெருகியது. வீடு போதவில்லை.

ஐஸ் ஹவுஸின் கதவு திறந்தது

இந்நிலையில்தான் 1917-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்த ஐஸ் ஹவுஸ் இவர்களுக்குப் புகலிடமாயிற்று. பரந்த அறைகள், தடித்த சுவர்கள், முன்னே கடல். நகரத்தின் நடுவில் இருந்தும் தெருக்களின் வம்புப் பேச்சுக்குச் சற்று விலகிய இடம். மேற்படிப்புப் படிக்க விரும்புவோருக்கு 1914-இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி அதே சாலையில் இருந்தது.

அந்த முதல் நாளை நாங்கள் மனத்தில் எண்ணிப் பார்த்தோம். அடுக்களை மூலையிலிருந்து வந்த பத்து வயதுக் குழந்தை ஒருத்தி தாழ்வாரத்தில் நின்று முதன்முறையாகக் கடலைக் காண்கிறாள். எதிரில் வருவோர் யாரும் அபசகுனம் என்று முகம் திருப்பவில்லை. அவளைச் சுற்றி இருப்போர் அனைவரும் அவளைப் போன்றவர்களே. அவள் கையில் யாரோ சிலேட்டைக் கொடுக்கின்றனர். அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? நாங்கள் படிகளில் அமர்ந்து பார்த்த அதே கடலைத்தான் அவளும் பார்த்திருப்பாள்.

விடுதி வாழ்க்கையில் அம்மையார் கண்டிப்பு மிக்கவர். சமையலும் வழிபாடும் நோன்பும் பெற்றோர் வீட்டில் உள்ளபடியே நடக்கச் செய்தார். ஒரு சிறு தவறு நேர்ந்தாலும் ஊரார் அதையே சாக்காகக் கொண்டு எல்லாப் பெண்களையும் திரும்ப அழைத்துக் கொள்வார்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற விரும்புகிறோம். ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமண குலக் கைம்பெண்களுக்கு மட்டுமே இடம் தரப்பட்டது. இதைப் படித்தபோது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் எல்லாக் குலத்தாரும், மூன்று சமயத்தாரும் தோளோடு தோள் இடித்து உட்காருகிறோம். வேறு குலத்துப் பெண்கள் அக்கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. மற்றவரையும் சேர்த்திருந்தால் அன்றைய பெற்றோர் ஒருவர்கூடப் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றனர் சிலர். அப்படியாயினும் அது குறையே என்றனர் சிலர். இரு கட்சியிலும் உண்மை உண்டு என்று ஆசிரியை கூறி முடித்தார். பெரியோரின் வரலாற்றில் நிறையை மட்டுமன்றி, அவர்கள் காலம் அவர்களுக்கு இட்ட எல்லையையும் அறிவது நல்லது என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் அம்மையார் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடவில்லை. 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வர் ஆனார். அரசினர் நிறுவனமாதலால் பல சமூகப் பெண்களும் அங்கே சேர்ந்து பயின்றனர். அங்கிருந்து வெளிவந்த ஆசிரியைகள் மாகாணமெங்கும் சென்று பள்ளிகளில் அமர்ந்தனர். நமக்குப் பாடம் சொன்ன ஆசிரியைக்குப் பாடம் சொன்னவர், அவருக்கும் பாடம் சொன்னவர் என்று பின்னோக்கிச் சென்றால், நம்மில் யாருடைய வரிசையாவது ஐஸ் ஹவுஸ் தாழ்வாரத்தில் போய் முடியலாம். யார் கண்டது?

நோயின் மூலத்தைத் தேடி

கைம்பெண்களுக்கு விடுதி நடத்துவது புண்ணுக்கு மருந்திடுவதாகும். புண்ணே வராமல் தடுப்பது எவ்வாறு? குழந்தைத் திருமணம் இருக்கும் வரை குழந்தைக் கைம்பெண்களும் இருப்பார்கள் அன்றோ? அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அரசுப் பணியில் இருந்தமையால் அவரால் மாதர் இயக்கங்களில் வெளிப்படையாகச் சேர இயலவில்லை. எனினும் திருமண வயதைப் பற்றி ஆராய அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். தம் வாழ்வில் பட்டதையும் தம் விடுதியில் கண்டதையும்விடப் பெரிய சாட்சியம் வேறு என்ன வேண்டும்?

1929-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சாரதா சட்டம் என்று மக்கள் அதனை அழைத்தனர். பெண்ணுக்குத் திருமண வயது குறைந்தது 14 என்று அச்சட்டம் கூறியது. இதை வகுப்பில் உரக்கப் படித்தபோது எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்கு இப்போது வயது 15. அன்று பெருஞ்சீர்திருத்தமாகக் கருதப்பட்ட சட்டத்தின்படிகூட எங்களுக்குத் திருமணம் ஆகியிருக்கலாம்! 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இவ்வயது 18 ஆயிற்று. 2006-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது.

ஓயாத உழைப்பு

சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் அம்மையார் சாரதா வித்தியாலயம் என்னும் பள்ளியையும் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்று நடத்தி வளர்த்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பலரும் சாய்வு நாற்காலியை நாடுவர். இவரோ 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். இளமையில் படிக்க முடியாமற்போன பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து படிக்க அது வழி செய்தது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1954-இல் தாம்பரத்திற்கு அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலப்பணி மையம் ஒன்றை அமைத்தார். 1956-இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் தலைவராக இருந்து அவர் தொடங்கி வைத்த பள்ளியே பின்னர் வித்யா மந்திர் என்று பெயர் பெற்றது. அப்போது அவருக்கு வயது 70.

1920-இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசி அன்று, தமது 83-ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். பதினொரு வயதில் முடிந்துவிட்டது என்று ஊரார் எழுதி வைத்த வாழ்வு, அதற்குப் பின் 72 ஆண்டுகள் தொடர்ந்து பிறருக்குப் பயன்பட்டது.

வீடு இன்று

ஐஸ் ஹவுஸ் பின்னர் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களுக்கு விடுதியாக விளங்கியது. 1963-இல் சுவாமி விவேகானந்தர் நூற்றாண்டு விழாவின்போது விவேகானந்தர் இல்லம் என்று அரசு பெயரிட்டது. 1997-இல் அது இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் விடப்பட்டது. இன்று சுவாமிகளின் வாழ்க்கையையும் நாட்டின் பண்பாட்டையும் விளக்கும் கண்காட்சி அங்கே இருக்கின்றது. வாய்ப்புக் கிடைப்போர் அவசியம் சென்று காண வேண்டும். செல்வோர் ஒரு நிமிடம் தாழ்வாரத்தில் நின்று, அங்கே எழுத்துக் கூட்டிப் படித்த அந்தச் சிறுமியரையும் நினைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

முடிவுரை

இவையெல்லாம் பழங்கதை, இன்று எங்கே குழந்தைத் திருமணம் என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் சென்ற ஆண்டு வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எங்கள் தோழி ஒருத்தி வரவில்லை. காய்ச்சல் என்றனர், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றனர். மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வகுப்பாசிரியையும் ஓர் அருட்சகோதரியும் மூன்று முறை அவள் வீட்டிற்குச் சென்றனர். அவர்கள் சட்டத்தைச் சொல்லி மிரட்டவில்லை. திண்ணையில் அமர்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, அவளுடைய மதிப்பெண் பட்டியலை அவள் தந்தையிடம் காட்டினர். மூன்றாம் முறை அவளுடைய பாட்டி, தம் பேத்திக்காகத் தாமே பேசினாராம். தமக்குப் பதின்மூன்று வயதில் நடந்ததை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அவள் ஜூலை மாதம் திரும்பி வந்தாள். இப்போது எங்களோடு பொதுத்தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கிறாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதனை எழுதுகிறோம். இக்கட்டுரையை அழகிய கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தவளும் அவளே. சுப்பலட்சுமி அம்மையாரின் சித்தியைப் பற்றிய பகுதியை நீளம் கருதி நாங்கள் நீக்கப் பார்த்தோம். அவள்தான் கூடாது என்றாள்.

அன்புத் தங்கைகளே! உங்கள் வகுப்பில் ஒரு தோழி திடீரென்று வராமற்போனால் வாளாவிருக்காதீர்கள். ஆசிரியையிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணையும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி ஒரு துளியும் மிச்சமின்றி உருகிப் போயிற்று. அதே வீட்டில் ஒரு சகோதரி சேர்த்து வைத்த செல்வம் இன்றும் நம் கையில் பாடநூலாக இருக்கின்றது. அதனைக் குறையாமல் அடுத்தவருக்குக் கொடுக்க இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவாராக!